மேலேடத்து நீலாண்டன் சரிந்த விதம்

ஜனவரி 6, திங்கள்

இன்று ஒரு சட்டக் கருத்து சொன்னேன். கருத்தில் பிழையில்லை. அதன் விளைவைத்தான் முன்கூட்டிக் கணிக்கத் தவறினேன்.

என் மனைவி வத்ஸலா தன் பல் கிளினிக்கை மூடிவிட்டு நாடக ஒத்திகைக்குப் போகும் நாட்களில் நான் பவ்லோஸின் பேக்கரி பெஞ்சில் முட்டை பப்ஸும் சாயாவுமாகக் காத்திருப்பது வழக்கம். ஒத்திகை அந்தப் பேக்கரியின் மாடியில்தான் நடக்கிறது. பேக்கரி முதலாளியான பவ்லோஸும் அதில் நடிகர். இன்று குழுவின் இயக்குநர் லின்ஸி தரகன் மாடியிலிருந்து இறங்கி வந்து நேராக என்னிடம் கேட்டாள்: "வக்கீலே, மைதானத்துல நாடகம். நிஜ ஆனை ஒண்ணைக் கொண்டு வரலாமா?"

நாடகம் ஒரு யானையைப் பற்றியது. மேலேடத்து நீலாண்டன் என்ற யானையை மூன்று சகோதரர்கள் பாகம் பிரிக்க வழக்குப் போடுகிறார்கள். பாகம் வேண்டாம் என்று சொல்லும் சகோதரியாக வத்ஸலா நடிக்கிறாள். நான் தொழில் தொடங்கிய நாள் முதல் பாகப்பிரிவினை வழக்குகளே நடத்தி வருபவன் என்பதால் கதையில் எனக்குச் சில ஆட்சேபங்கள் உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அனுமதி கிடைக்காது, கிடைத்தாலும் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது, நிறைவேற்ற முடிந்தாலும் கூட்டத்தில் யானை மிரண்டால் பொறுப்பு முழுவதும் குழுவினுடையது. ஆகவே கூடாது.

லின்ஸி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் குதிகாலிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எழுந்து நில்லுங்க. கொஞ்சம் நடங்க. நூத்திப்பத்து கிலோ இருப்பீங்களா?"

தொண்ணூற்று நான்கு என்று திருத்தினேன்.

"மீதி பதினாறு கிலோ கவுரவம், லின்ஸி," என்றார் கல்லாவிலிருந்து பவ்லோஸ்.

பரிசீலித்துப் பதில் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். வீடு வரைக்கும் வத்ஸலா சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 9, வியாழன்

ஒப்புக்கொண்டேன், நிபந்தனைகளுடன். சட்டையைக் கழற்ற மாட்டேன். சுவரொட்டியில் என் பெயருக்கு முன் தொழிலைக் குறிப்பிடக் கூடாது. மூக்கில் எதையும் ஒட்ட விட மாட்டேன்.

"தும்பிக்கையே கிடையாது. உங்க உடம்பு மட்டும்தான்," என்றாள் லின்ஸி.

"அப்படியானால் அது யானை என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சா அவங்களுக்குத் தெரியும்."

இது சாட்சியம் ஆகாது என்று எனக்குத் தோன்றியது.

ஜனவரி 13, திங்கள்

முதல் பயிற்சி. தரையில் மல்லாந்து படுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அவ்வளவு எளிதல்ல.

"எந்தெந்த இடம் தரையைத் தொடுது?" என்று லின்ஸி கேட்டாள். குதிகால், பின்தொடை, தோள்பட்டை, பின்மண்டை என்று வரிசையாகச் சொன்னேன்.

"அது பள்ளிக்கூடப் பாடம். நான் உங்களைக் கேட்டேன்."

மறுபடி பார்த்தேன் — பார்த்தேன் என்பது சரியல்ல, கண்கள் மூடியிருந்தன. இடது தோள் தரையைத் தொடவேயில்லை. கட்டுக் கட்டாக வழக்குக் காகிதங்களை அக்குளில் இடுக்கியே பழகிய தோள். படுத்த பிறகும் இடுக்கிக்கொண்டிருந்தது. கழுத்துக்கும் தரைக்கும் நடுவே ஓர் எலி குனியாமல் போகலாம். எனக்குப் பக்கத்தில் அஸீஸ் குறட்டை விட்டார். லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், நாடகத்தில் மூத்த சகோதரர்.

"அவரைப் பாருங்க. மொத்தத்தையும் தரை பேருக்கு எழுதிக் கொடுத்துட்டார்."

"பதிவு செய்யாத ஆவணம் செல்லாது," என்றேன்.

"பேசும்போது தாடை இறுகுது வக்கீலே. அதையும் கவனிங்க."

அந்த அறையின் கிழக்கு மூலைக்கு நேர் கீழே ரொட்டி அடுப்பு இருக்கிறது. அங்கே தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மற்ற நாட்களில் அந்த மூலைக்குச் சண்டை நடக்குமாம். புதியவன் என்பதால் இன்று எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். வெகுநேரம் படுத்திருந்த பிறகு, என் முதுகு எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் தொழில் வாழ்வில் எத்தனையோ எல்லைத் தகராறுகள் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் இவ்வளவு சமாதானமாக இருந்த தகராறு இதுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

தும்பிக்கை. வலது கையை உயர்த்தினேன்.

"இது ஹைகோர்ட்டுக்கு வழி காட்டற வக்கீல்," என்றாள் லின்ஸி.

தும்பிக்கை தோளில் தொடங்குவதில்லையாம். முதுகெலும்பின் அடியில் தொடங்குகிறதாம். தொடலாமா என்று அனுமதி கேட்டு, என் இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தாள். "இங்கிருந்து வரட்டும். நீங்க அனுப்பாதீங்க. வரும்."

வரவில்லை. வேர்த்தது. காது என்பது தோள்பட்டை எலும்பு, மூச்சு முதுகுக்குள் போக வேண்டும், கண் எதையும் பிடிக்கக் கூடாது, எல்லாவற்றையும் வெறுமனே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் உள்ளுக்குள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குறிப்பெடுக்கக்கூடச் சோர்ந்துபோய் நின்ற ஒரு கணத்தில் கை அசைந்தது. கீழே தொங்கி, தரையை முகர்ந்து, தானாகச் சுருண்டது.

நான் உத்தரவிடவில்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எதிரே நின்ற வத்ஸலா, "ஐயோ," என்றாள், மிக மெதுவாக. அது பயமா, வேறு ஏதாவதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

ஜனவரி 22, புதன்

நீதிமன்றத்தில் ஓர் அசம்பாவிதம். வாதத்தின் நடுவே நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தி, "மிஸ்டர் மேனோன், உடம்பு முடியலைன்னா உட்கார்ந்தே பேசலாம்," என்றார். நான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, மெதுவாக, தலையும் சேர்த்து.

கேன்டீனில் எதிர்த்தரப்பு வக்கீல் ராஜகோபால வாரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னய்யா, சர்க்கரையா?"

இல்லை என்று மட்டும் சொன்னேன். முழு உண்மையையும் சொல்லும் கடமை கேன்டீனில் கிடையாது.

ஜனவரி 26, ஞாயிறு

யானைப் பிரியர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். யானையைக் கேலி செய்து நாடகம் போடுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சங்கத்தின் செயலாளர் ஆன்ட்டோ, துணிக்கடைக்காரர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். "பாத்துட்டுச் சொல்றோம்," என்றார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. அதற்கு மிக நெருக்கமான ஒன்று.

நான் நின்றேன். நிற்பது மட்டும்தான் என் வேலை. பவ்லோஸ் பாப்பானாக, அதாவது யானைப் பாகனாக, எனக்குப் பக்கத்தில் கோலுடன் நின்றார். பிறகு, நான் உள்ளூர் யானையா, பீகாரிலிருந்து வந்ததா என்று அவர்களுக்குள் சண்டை மூண்டது.

"நாட்டானைதான்."

"போப்பா! நெத்தியைப் பாரு. பீகாரு."

"பீகார் ஆனைக்கு இப்படி நிக்கற நிலை வருமா? தலையெடுப்பு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

"தலையைத் தூக்கச் சொல்லுடா பாப்பானே!"

பவ்லோஸ் கோலால் என் முகவாயைத் தொட்டார். தூக்கினேன். "ஆ, அப்படி!" என்று மூன்று பேர் ஒன்றாகச் சொன்னார்கள். ஆன்ட்டோ எழுந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பின்னங்கால் இடதுல புண்ணு இருக்கு. மருந்து போடறியாடா?"

என் இடது குதிகாலில் கால் ஆணி இருப்பது உண்மை. பவ்லோஸ் தலைகுனிந்து, "போடறேன் சேட்டா," என்றார்.

கடைசிவரை என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது ஆன்ட்டோ என் முன்கையை இரண்டு தட்டுத் தட்டி, பையிலிருந்து ஒரு நேந்திரம்பழம் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கையால் வாங்கினேன் என்று எழுதினால் அது துல்லியமாக இருக்காது.

பிப்ரவரி 1, சனி

நாடகத்தின் முடிவை இன்றுதான் சொன்னார்கள். வழக்கு தீரும் நாளில் நீலாண்டன் சரிகிறான். இந்த ஊரில் யானை செத்தது என்று யாரும் சொல்வதில்லை, சரிந்தது என்பார்கள். நான் நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாக, மரம் போலச் சாய வேண்டும். பவ்லோஸ், அஸீஸ், வத்ஸலா, லின்ஸி நால்வரும் தாங்கித் தரையில் இறக்குவார்கள்.

சாய்ந்தேன். தாங்கினார்கள். ஆனால் அவர்கள் தாங்குவதற்கு முன்பே என் வலது கை தரைக்குப் போய்விட்டது. மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

மறுபடி. மறுபடியும் கை.

"வக்கீலே, விழறதுக்கு முன்னாடியே முன்ஜாமீன் எடுக்கறீங்க!" என்று லின்ஸி கத்தினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களால் விழ முடிகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மணிக்கட்டில் கட்டு; விழுந்துவிட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னேன், அது நடந்திருந்தால் கட்டே தேவைப்பட்டிருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாயும் முன் நான் ஓரக்கண்ணால் நான்கு பேரையும் எண்ணுகிறேன் என்று லின்ஸி கண்டுபிடித்துவிட்டாள். "அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க." கண்ணைக் கட்டினாள். மூச்சுச் சத்தத்தை வைத்து எண்ணினேன். அதையும் கண்டுபிடித்தாள்.

"எல்லாரும் தள்ளுங்க. சேச்சி மட்டும் நிக்கட்டும்."

கண்கட்டை அவிழ்த்துவிட்டு, வத்ஸலாவை எனக்குப் பின்னால் நிறுத்தினாள். முழுவதும் வேண்டாம், ஒரு சாண் சாய்ந்தால் போதும் என்றாள். ஒரு சாண்.

கால் பின்னால் போய்விட்டது. நான் வைக்கவில்லை; போய்விட்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும் போனது. மூன்றாம் முறை அறையில் யாரும் சிரிக்கவில்லை. வத்ஸலா நீட்டியிருந்த கைகளை இறக்கிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"ஊரே என் நாற்காலியில சாஞ்சு வாயைத் திறக்குது, பிரபேட்டா. கையில டிரில் வெச்சிருக்கேன், அப்பவும் சாயறாங்க. உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு வலிச்சா எர்ணாகுளத்துக்கு ரயில் ஏறறீங்க."

"சொந்தக்காரரிடம் சிகிச்சை எடுத்துக்கொள்வது முறையல்ல என்று—"

"பேசாதீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷம். உங்க கனம் என்னன்னு எனக்குத் தெரியாது. நான் தாங்க மாட்டேன்னு பயமா? இல்ல, தாங்கிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு பயமா?"

பதில் சொல்ல அவகாசம் கேட்டேன். ஆம், அவகாசம் என்ற அதே சொல்லால் கேட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தூக்கமில்லை. என்ன கேள்வி இது — தாங்கிட்டா என்ன பண்றது?

யாருக்குத் தெரியும்? யாரு இந்த மாதிரியெல்லாம் கேக்கறாங்க? எங்க அப்பா அம்மாகிட்ட கேட்டிருப்பாங்களா? நான் ஒழுங்கா இருந்தேன். எதுவும் அவ தலையில விழாம பாத்துக்கிட்டேன். வீட்டுக் கடன், அவ கிளினிக், மகன் படிப்பு, எல்லாத்தையும் நானே — அதுக்குப் பேரு குத்தமா?

அவள் தலையில் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டேன். சரி. இதற்கு மேல் இதை இன்று எழுதுவது உசிதமல்ல.

பிப்ரவரி 13, வியாழன்

லின்ஸி முடிவை மாற்றிவிட்டாள். நீலாண்டன் சரிய மாட்டான். வத்ஸலா சங்கிலியை அவிழ்ப்பாள். யானை மெதுவாக நடந்து வெளியே போகும். "இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றாள். அஸீஸ், "இதுதான் நல்லது. எனக்கும் இடுப்பு பிடிச்சுக்கும்," என்றார். பவ்லோஸ் எனக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்தார், தன் கடையிலிருந்தே, காசு கொடுத்து.

எல்லோரும் என்னிடம் இவ்வளவு கனிவாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வத்ஸலா மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்வாதம் செய்திருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வத்ஸலா குளித்துக்கொண்டிருந்தபோது கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று, மெத்தை மேல் சாய்ந்து பார்த்தேன். கை முந்திக்கொண்டது. தலையணைகளை அடுக்கினேன். அப்போதும் கை. எனக்கு மெத்தை மீதும் நம்பிக்கை இல்லை என்பது இதன்மூலம் நிரூபணமாகிறது.

ஐந்தாவதோ ஆறாவதோ முயற்சியில் கதவருகே ஓர் அசைவு. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வத்ஸலா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் மெத்தையில் மல்லாந்து கிடந்தேன்.

"பெட்ஷீட்டை மாத்தணுமா?" என்றாள்.

"ஆமாம், மாற்றத்தான்," என்றேன்.

இருவரும் சேர்ந்து, சுத்தமாகவே இருந்த விரிப்பை மாற்றினோம். அவள் உதட்டின் ஓரம் துடித்தது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

மாலையில் மைதானத்தில் நாடகம். யானைப் பிரியர் சங்கத்தார் முன்வரிசை முழுவதையும் பிடித்துவிட்டதாகப் பவ்லோஸ் போன் செய்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுத முயல்கிறேன். வரிசை மறந்துபோகும் முன்.

மைதானம் நிரம்பியிருந்தது. வெளிச்சம் இன்னும் முழுவதும் போகவில்லை. நான் உள்ளே வந்ததுமே முன்வரிசையில் யாரோ, "ஓ, வந்துட்டான்!" என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு மற்றவர்களின் வசனங்கள் சரியாக நினைவில்லை. பாதத்துக்கடியில் மைதானத்து மண் இருந்தது. சகோதரர்கள் மூவரும் ஆளுக்கொரு கயிறு பிடித்து என்னை இழுத்தபோது, அஸீஸ் இழுப்பது வலது இடுப்பிலும், பவ்லோஸ் இழுப்பது விலாவிலும் தனித்தனியாகத் தெரிந்தது. பவ்லோஸுக்குப் பாப்பான் வேடம், இளைய சகோதரன் வேடம் இரண்டும். தலைப்பாகையைக் கழற்றினால் சகோதரன்.

வழக்கு தீர்ந்தது. வத்ஸலா வந்து என் இடது காலுக்கருகே குந்தி, இல்லாத சங்கிலியை அவிழ்த்தாள். எழுந்தாள். எனக்குப் பின்பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து அவள் என்னை வலப்பக்கம் நடத்திக் கூட்டிப் போக வேண்டும்.

இடது காலைத் தூக்க மூச்சை இழுத்தேன். கால் வரவில்லை.

பயத்தில் உறைந்தேன் என்று சொல்ல மாட்டேன். அது உண்மையல்ல. கால் கனமாக இருந்தது. பிறகு தொடை. பிறகு இடுப்பு, வயிறு, மார்பு என்று ஒவ்வொன்றாகத் தன் கனத்தைக் கீழே இறக்கி வைத்தன, வெகுதூரம் சுமந்து வந்தவர்கள் போல. நாடகம் அங்கே முடியவில்லை என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மூச்சு வெளியே போனது. அதைத் திரும்ப இழுக்கும் எண்ணமே வரவில்லை.

விழுவதென்று நான் முடிவு செய்யவில்லை. யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவுமில்லை.

சரிந்தேன்.

தரை வருவதற்குப் பதில் வத்ஸலா வந்தாள். முதலில் அவள் முன்கைகள் என் தோள்களின் கீழ்; பிறகு அவள் முழுவதும். கயிற்றைப் போட்டுவிட்டுப் பவ்லோஸ் பாய்ந்து இடுப்பைப் பிடித்தார். "கர்த்தாவே!" என்று அவர் சொன்னது நாடகத்தில் இல்லாத வசனம், கதைப்படி அவர் நாயர். இருவருமாகச் சேர்ந்து என்னை மெல்ல மெல்ல இறக்கினார்கள். தலை அவள் மடியில் வந்து நின்றது. என் கைகள் என்ன செய்தன என்று பின்னால் விசாரித்தேன். ஒன்றுமே செய்யவில்லையாம்.

விளக்கை அணைப்பதாக ஏற்பாடு. அணைக்க வேண்டியவர் அணைக்க மறந்துவிட்டார்.

அப்போது முன்வரிசையில் ஆன்ட்டோ எழுந்தார். செருப்பைக் கழற்றினார். குத்துவிளக்கில் போட்டிருந்த மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடுகளத்துக்குள் வந்தார். யானை சரிந்தால் இந்த ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். மாலையை என் நெஞ்சின் மேல் வைத்து, முன்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் பின்னால் சங்கத்தார். சங்கத்தார் பின்னால் வரிசை. யாரும் ஏற்பாடு செய்யாமலே வரிசை மைதானத்தின் நடுவரை நீண்டது. பெண்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பன்மார்கள், எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

"போயிட்டான்," என்று ஒருவர் விம்மினார்.

"நல்ல தலையெடுப்பு. நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"நீ பீகாருன்னு சொன்னடா!"

"இப்ப அதையா பேசறது? தொட்டுட்டு நகரு."

நான் எழுந்தால் இத்தனை பேர் துக்கமும் கேலிக்கூத்தாகிவிடும். ஆகவே கிடந்தேன். மூக்கு அரித்தது. வரிசையில் வாரியர் வந்தார். நேற்றுவரை என் எதிர்த்தரப்பு. பயபக்தியுடன் குனிந்து என் காதருகே, "மேனோனே, வயிறு ஏறி இறங்குது. மூச்சைப் பாத்து விடும்," என்றார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஆனால் எழுத வந்தது இதையல்ல.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது, உதடு அசையாமல் வத்ஸலா பேசினாள்.

"பிரபேட்டா. கழுத்தை விடுங்க."

விட்டுத்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல. தலை என் மடியில இருக்கு, ஆனா நீங்கதான் பிடிச்சிட்டிருக்கீங்க. எனக்குத் தெரியும், தினமும் தலைதான் பாக்கறேன். விடுங்க."

எங்கே பிடித்திருக்கிறேன் என்று தேடினேன். பின்மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவே, விரல் நுனி அளவு ஓர் இடம். அது பிடித்துக்கொண்டிருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அவ்வளவு காலமாகப் பிடித்திருக்கிறது. அதை விடச் சொல்லி உத்தரவிட்டேன். கேட்கவில்லை. உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பிறகு எப்போதோ அது விட்டது. தலை இறங்கியது. அவள் தொடை அந்தக் கனத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் அமிழ்ந்தது.

"அம்மாடி," என்றாள்.

மேலிருந்து என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வரிசையில் இருந்தவர்களுக்கு அது சகோதரி யானைக்காக அழுவது. நடிப்பு பிரமாதம் என்று இன்று காலையில்கூட மூன்று பேர் போன் செய்து சொன்னார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

லின்ஸி வீட்டுக்கே வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பின்னால ஆள் இல்லாம இனிமே விழுந்தீங்க, நானே கொன்னுடுவேன். மண்டை உடைஞ்சிருந்தா? சட்டம் படிச்ச மனுஷன்தானே நீங்க? எவ்வளவு பொறுப்பில்லாம—"

பொறுப்பில்லாமை என்ற குற்றச்சாட்டு என் மீது இதற்கு முன் சுமத்தப்பட்டதில்லை. காப்பி கொண்டு வந்தேன்.

"பின்னால ஆள் இல்லைன்னு யாரு சொன்னா?" என்றாள் வத்ஸலா. இரண்டு முன்கைகளிலும் நீலம் பாரித்திருந்தது. நாலைந்து நாள் நோயாளிகளைப் பார்க்க முடியாது. "அவர் மூச்சு போன விதத்துலயே தெரிஞ்சுது, இவர் நடக்கப் போறதில்லைன்னு. நான் அப்பவே காலை அகட்டி நின்னுட்டேன்."

லின்ஸி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காப்பியைக் குடித்தாள். அடுத்த காட்சிகளில் யானை சரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 9, ஞாயிறு

வத்ஸலாவின் சித்தி மகள் வீட்டு விசேஷத்துக்காகக் குருவாயூர் போய் வந்தோம். திரும்பும்போது காரை அவள் ஓட்டினாள்.

அவள் ஓட்டும்போது இடது இருக்கையில் உட்கார்ந்து நானும் ஓட்டுவது வழக்கம். என் வலது கால் மிதியடியின் மேல் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும். எதிரே வரும் வாகனங்களை உரிய நேரத்தில் அறிவிப்பேன். இந்த வழக்கத்தை இதுவரை இந்தப் பக்கங்களில் எழுதியதில்லை. எழுதத் தகுந்தது என்று தோன்றியதில்லை.

கேச்சேரி தாண்டியதுவரை நினைவிருக்கிறது. ஒரு தனியார் பஸ் வளைவில் ஏறி வந்தது. அதை அறிவித்தேனா என்று நினைவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு கேட். எஞ்சின் அணைந்திருந்தது. என் தலை அவள் இடது தோளில் கிடந்தது. வாய் திறந்திருந்தது.

"எழுப்பியிருக்கலாமே," என்றேன்.

"எதுக்கு? முண்டூர்லேருந்து இந்தக் கையை அசைக்க முடியலை. கியரே மாத்தலை. மூணாவதுலயே உருட்டிக்கிட்டு வந்தேன். பின்னால வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சுக் கொன்னுட்டான், உங்களுக்கு அதுவும் தெரியலை." மரத்துப்போன கையை உதறிக்கொண்டே சிரித்தாள்.

அவ்வளவு தூரத்தை மூன்றாவது கியரிலேயே ஓட்டுவது எஞ்சினுக்கு நல்லதல்ல. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.